மீனைக் காக்கும் அமோனியாவும் மனிதரைக் காக்கும் கடமையும்

மட்டக்களப்பு வாவியையும் அதனையொட்டிய கடலையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஐஸ் என்பது ஆடம்பரப் பொருளன்று. அதிகாலையில் கரைசேரும் மீன் நண்பகலுக்குள் கிடைத்த விலைக்குத் தள்ளப்பட வேண்டுமா, அல்லது மறுநாள் கண்டியிலோ கொழும்பிலோ நியாயமான விலைக்கு விற்கப்படலாமா என்பதைத் தீர்மானிப்பது ரெஜிபோம் பெட்டிக்குள் அள்ளிப் போடப்படும் ஐஸே ஆகும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாட் படகுகள் முதல், காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் வீதி வீதியாகச் சென்று மீன் விற்கும் சிறு வியாபாரி வரை அனைவரும் இந்த ஐஸ் கட்டியில் தங்கியிருக்கின்றனர். வலை இழுப்பவர் தமிழராகவும் மொத்தமாக வாங்கி லொறியில் அனுப்புபவர் முஸ்லிமாகவும் இருக்கலாம். அல்லது இதற்கு மாறாகவும் இருக்கலாம். இரு சாராரின் வருமானமும் ஒரே குளிரில்தான் பாதுகாக்கப்படுகின்றது.

ஆயினும் இந்தக் குளிர் எங்கிருந்து வருகின்றது, அதனை உண்டாக்கும் இயந்திரங்களுக்குள் என்ன ஓடுகின்றது, அது வெளியேறினால் என்ன நேரும் என்பன பற்றி எமது மக்களிடையே போதிய விளக்கம் இல்லை. பெரிய ஐஸ் தொழிற்சாலைகளிலும் மீன் பதனிடும் நிலையங்களிலும் உலகெங்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வரும் குளிரூட்டும் பொருள் அமோனியா ஆகும். அதனைக் குழாய்களினூடாகச் சுற்றியோடச் செய்யும் பம்பிகள் பற்றியும், அவற்றைச் சார்ந்த பாதுகாப்புப் பற்றியும் இங்கு சற்று விரிவாக நோக்குவோம். இது பொறியியலாளர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று ஒதுக்கிவிடக்கூடிய விடயமன்று என்பதே எமது கருத்தாகும்.

குளிரின் வரலாறு

இயந்திரத்தினால் ஐஸ் செய்யும் முறை பரவுவதற்கு முன்னர் வெப்ப நாடுகளுக்கு ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டியெடுக்கப்பட்ட ஐஸ் 1833 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இறக்கப்பட்டது. அதனைச் சேமிப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் இன்றும் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கின்றது. எமது நாட்டில் 1866 ஆம் ஆண்டில் கொழும்பு ஐஸ் கம்பனி ஆரம்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் எலிபன்ட் ஹவுஸ் என்று அனைவரும் அறிந்த நிறுவனத்தின் தோற்றுவாய் அதுவேயாகும். ஜேர்மனியரான கார்ல் வொன் லிண்டே 1870களில் அமோனியாவினால் இயங்கும் குளிரூட்டும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய பின்னர் கப்பல் ஐஸின் காலம் படிப்படியாக முடிவுக்கு வந்தது.

அமோனியா எமக்குப் புதிய பொருளன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பயன்படுத்தும் நவச்சாரம் அமோனியாவின் உப்பாகும். அறபு இரசாயனவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஜாபிர் இப்னு ஹையானின் பெயரால் வழங்கும் நூல்களில் இந்த நவச்சாரம் பேசப்படுகின்றது. வயலுக்கு இடும் யூரியாவும் அமோனியாவிலிருந்தே உற்பத்தி செய்யப்படுகின்றது. ஆனால் நீர் கலவாத தூய அமோனியா திரவம் இவற்றினின்றும் முற்றிலும் வேறுபட்ட, மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டிய பொருள் என்பதை மறந்துவிடக்கூடாது.

அமோனியா எவ்வாறு குளிரூட்டுகின்றது?

எந்தத் திரவமும் ஆவியாகும்போது தன்னைச் சூழவுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கின்றது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதும் இதனாலேயே. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. அமோனியாவோ சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் மறை 33 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகின்றது. அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் அதன் கொதிநிலையை வேண்டியவாறு மாற்றலாம். குளிரூட்டும் குழாய்களுக்குள் குறைந்த அமுக்கத்தில் கொதித்து வெப்பத்தை உறிஞ்சும் அமோனியா ஆவியை அமுக்கி இயந்திரம் இழுத்து உயர் அமுக்கத்துக்கு உட்படுத்துகின்றது. பின்னர் அது ஒடுக்கியினுள் நீரினாலோ காற்றினாலோ குளிர்விக்கப்பட்டு மீண்டும் திரவமாகின்றது. இச்சுற்று இடையறாது நிகழ்கின்றது.

எமது பிரதேசத்தில் பழக்கமான கட்டி ஐஸ் தயாரிப்பில், நீர் நிரப்பிய தகரப் பெட்டிகள் உப்பு நீர்த் தொட்டியொன்றினுள் இறக்கப்படுகின்றன. அவ்வுப்பு நீரை அமோனியாக் குழாய்கள் பூச்சியத்துக்குக் கீழே குளிர்வித்து வைத்திருக்கின்றன. உப்பு நீர் உறைவதில்லை. ஆனால் பெட்டிக்குள்ளிருக்கும் நன்னீர் பல மணித்தியாலங்களில் உறைந்து கட்டியாகின்றது.

நாளொன்றுக்கு 10 தொன் ஐஸ் செய்யும் தொழிற்சாலையொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். 30 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரைக் குளிர்வித்து, உறையவைத்து, மறை 5 பாகை வரை கொண்டுசெல்வதற்கு ஏறத்தாழ 470 கிலோயூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 10 தொன்னுக்கு இது சராசரியாக 54 கிலோவாற்று ஆகும். சுவர்களினூடாகவும் வேறு வழிகளிலும் புகும் வெப்பத்தையும் சேர்த்து 65 கிலோவாற்று என்று கொள்வோம். மறை 15 பாகையில் கொதிக்கும் ஒரு கிலோகிராம் அமோனியா சுமார் 1310 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. ஆகவே மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 180 கிலோகிராம் அமோனியா ஆவியாக வேண்டும். ஆர்-22 எனப்படும் செயற்கைக் குளிரூட்டியாயின் இதே வேலைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நிறை தேவைப்படும். அமோனியாவின் செல்வாக்கு ஒன்றரை நூற்றாண்டு காலமாகக் குன்றாதிருப்பதற்கு இதுவே முதற்காரணமாகும்.

பம்பி எதற்கு?

திரவ அமோனியாவைக் குளிரூட்டும் குழாய்களுக்கு அனுப்புவதற்கு மூன்று வழிகள் உள்ளன. தேவையான அளவு மட்டும் ஒரு வால்வின் மூலம் செலுத்தி, குழாயின் முடிவில் முழுவதும் ஆவியாகும்படி செய்வது முதலாவது வழி. குழாய்களுக்கு மேலே ஒரு கலனை வைத்து, திரவம் தன் பாரத்தினால் இறங்கிச் சுற்றும்படி செய்வது இரண்டாவது வழி. கீழமுக்கக் கலன் ஒன்றில் திரவத்தைச் சேமித்து, பம்பியினால் தொலைவிலுள்ள குளிரறைகளுக்குத் தள்ளுவது மூன்றாவது வழி.

மூன்றாவது வழியில் ஒரு சிறப்பு உண்டு. ஆவியாகக்கூடிய அளவைவிட மூன்று அல்லது நான்கு மடங்கு திரவம் வேண்டுமென்றே அனுப்பப்படுகின்றது. இதனால் குழாயின் உட்சுவர் எப்போதும் நனைந்திருக்கும். நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிட மிக விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆவியாகாத மீதித் திரவம் ஆவியுடன் சேர்ந்து கலனுக்குத் திரும்புகின்றது. அங்கே திரவம் கீழே தங்க, ஆவி மட்டும் அமுக்கி இயந்திரத்துக்குச் செல்கின்றது. திரவம் அமுக்கிக்குள் புகுந்தால் அவ்வியந்திரம் உடைந்துபோகும் என்பதால் இந்தப் பிரிப்பு மிகவும் முக்கியமானதாகும்.

மேலே கூறிய தொழிற்சாலையில் நான்கு மடங்கு திரவத்தைச் சுற்றியோடச் செய்தாலும் பம்பி தள்ள வேண்டியது மணித்தியாலத்துக்கு 1100 லீற்றர் அளவே. வீட்டுக் கிணற்றில் பூட்டும் சாதாரண நீர்ப்பம்பிகூட இதனைவிட அதிகமாக இறைக்கும். அமுக்கி இயந்திரமோ அதே நேரத்தில் ஏறத்தாழ 90 கனமீற்றர் ஆவியை இழுக்க வேண்டியிருக்கின்றது. எனவே மின்சாரச் செலவில் பெரும்பங்கு அமுக்கிக்கே உரியது. பம்பியின் பங்கு மிகச் சிறியது. இவ்வளவு சிறிய இயந்திரம் ஏன் இவ்வளவு கவனத்துக்குரியதாகின்றது என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

கொதிநிலையில் நிற்கும் திரவம்

கிணற்று நீரை இறைப்பதற்கும் அமோனியாவை இறைப்பதற்குமுள்ள வேறுபாடு இதுதான். கிணற்று நீர் அதன் கொதிநிலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றது. கீழமுக்கக் கலனிலுள்ள அமோனியாவோ எப்போதும் கொதிநிலையிலேயே நிற்கின்றது. பம்பியின் வாயில் அமுக்கம் சற்றுக் குறைந்தாலும் திரவத்தினுள் ஆவிக் குமிழிகள் தோன்றிவிடும். அக்குமிழிகள் பம்பியினுள் சென்று உயர் அமுக்கத்தில் நொறுங்கும்போது சரளைக் கற்களைத் தகரத்தில் இட்டு உலுக்குவது போன்ற ஓசை எழும். நாளடைவில் பம்பியின் சுழலியும் தாங்கிகளும் அரிக்கப்பட்டுப் பழுதடையும். குமிழிகள் மிகுந்தால் பம்பி சுழன்று கொண்டிருக்கும். ஆனால் திரவம் நகராது.

இதனைத் தவிர்ப்பதற்கு கலன் பம்பிக்கு மேலே போதிய உயரத்தில் அமைக்கப்பட வேண்டும். திரவத்தின் பாரமே பம்பியின் வாயில் வேண்டிய அமுக்கத்தைக் கொடுக்கும். இறங்கு குழாய் அகலமானதாகவும் வளைவுகள் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். கலனிலிருந்து இறங்கும் வாயில் சுழி ஏற்படாதவாறு தடுப்பு இட வேண்டும். அமுக்கி இயந்திரங்களை ஒரே நேரத்தில் சடுதியாக இயக்கக்கூடாது. அவ்வாறு இயக்கினால் கலனின் அமுக்கம் திடீரென வீழ்ந்து, உள்ளிருக்கும் திரவம் முழுவதும் பொங்கிக் கொதிக்கும். இடவசதி இல்லையென்று கலனைத் தாழ்த்தி வைப்பதும், கைவசமுள்ள ஒடுங்கிய குழாயைப் பொருத்துவதும் ஆரம்பத்தில் சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்தலாம். பின்னர் பம்பி அடிக்கடி பழுதடையும்போது அந்த மிச்சம் பன்மடங்காகக் கரைந்துவிடும். அதைவிட, ஒவ்வொரு பழுதும் பம்பியைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு சந்தர்ப்பமும் தொழிலாளியின் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆபத்தான தருணமாகும்.

அடுத்த கேள்வி கசிவு பற்றியது. சாதாரணப் பம்பியில் மோட்டார் வெளியேயும் சுழலி உள்ளேயும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு உடலைத் துளைத்துச் செல்லுமிடத்தில் அடைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அந்த அடைப்புத் தேய்ந்தால் அமோனியா கசியும். இதற்கு மாற்றாக, மோட்டாரும் சுழலியும் ஒரே மூடிய உறைக்குள் அமைந்த பம்பிகள் பல தசாப்தங்களாகப் பாவனையில் உள்ளன. அவற்றில் வெளியே நீளும் தண்டும் இல்லை; தேயும் அடைப்பும் இல்லை. உள்ளே ஓடும் அமோனியாவே மோட்டாரைக் குளிர்வித்து, தாங்கிகளுக்கு உராய்வு நீக்கியாகவும் பயன்படுகின்றது. விலை கூடியதாயினும் மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு இவையே பொருத்தமானவை.

எனினும் இவ்வகைப் பம்பியைத் திரவமின்றி ஓடவிட்டால் சிறிது நேரத்திலேயே தாங்கிகள் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே திரவ மட்டம் குறைந்தாலோ, பம்பியின் இருபுறத்து அமுக்க வேறுபாடு வீழ்ந்தாலோ தானாக நிறுத்தும் கருவி கட்டாயம் வேண்டும். குளிரறைகளின் வால்வுகள் யாவும் மூடியிருக்கும் வேளையிலும் ஓரளவு திரவம் கலனுக்குத் திரும்பிச் செல்லத் தனிக்குழாய் ஒன்று வேண்டும். அமுக்கியிலிருந்து வரும் எண்ணெய் அமோனியாவுடன் கலவாது அடியில் தங்கும். அதனை முறையாக வடிக்காவிட்டால் பம்பியின் வாய் அடைபடும். செப்பையும் பித்தளையையும் அமோனியா அரிக்கும் என்பதால் உருக்குப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்திப் பழகியவர் கைப்பழக்கத்தில் செப்புக் குழாயையோ பித்தளை வால்வையோ பூட்டிவிடுவது பெருந்தவறாகும்.

இன்னுமோர் எச்சரிக்கை. பம்பியைத் திருத்துவதற்காக அதன் இருபுறத்து வால்வுகளையும் மூடும்போது இடையில் திரவ அமோனியா சிறைப்பட்டுவிடும். எமது பகல் வெப்பத்தில் அது சூடேறி விரிவடையும். விரிவதற்கு இடமில்லாதபோது அமுக்கம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து குழாயையோ வால்வையோ பிளந்துவிடும். முதலில் ஒரு வால்வை மூடித் திரவத்தை வெளியேற்றிய பின்னரே மற்றையதை மூட வேண்டும் என்பதும், அவ்விடத்தில் அமுக்கம் தணிக்கும் வால்வு இருக்க வேண்டும் என்பதும் இத்தொழிலின் அரிச்சுவடியாகும்.

மின்வெட்டும் மீளியக்கமும்

2022 மார்ச் மாத இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் திடீரென இருளில் மூழ்கியது. மின்வெட்டு என்றதும் ஐஸ் உருகும், மீன் பழுதடையும் என்ற நட்டத்தையே நாம் எண்ணிப் பார்க்கின்றோம். ஆனால் அமோனியா இயந்திரத் தொகுதிக்கு அதிக ஆபத்தான நேரம் மின்சாரம் திரும்பி வரும் நேரமாகும்.

2010 ஓகஸ்ட் 23 ஆம் திகதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தியோடோர் என்ற இடத்திலுள்ள குளிர்க் களஞ்சியம் ஒன்றில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். முதல்நாள் ஏற்பட்ட மின்தடையின் பின்னர் தொகுதியை மீள இயக்கியபோது, சூடான ஆவியினால் பனி அகற்றப்பட்டுக் கொண்டிருந்த குளிரூட்டி ஒன்று, அந்த ஆவி முறையாக வெளியேற்றப்படாமலேயே குளிரூட்டும் நிலைக்கு மாறியது. உயர் அமுக்க ஆவியும் குளிர்ந்த திரவமும் மோதியதால் எழுந்த அதிர்ச்சியில் கூரை மீதிருந்த குழாய் பிளந்தது. ஏறத்தாழ 14 தொன் அமோனியா வெளியேறியது. அருகில் எண்ணெய்க் கசிவைத் துப்புரவு செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தோர் உட்பட 150க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 32 பேர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். மின்சாரம் வந்ததும் அவசரமாகப் பொத்தானை அழுத்துவதும், எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வதும் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

கனடாவின் பேர்ணி நகரில் 2017 ஒக்டோபர் 17 ஆம் திகதி பனிச்சறுக்கு அரங்கு ஒன்றில் அமோனியா கசிந்து மூவர் உயிரிழந்தனர். கசிவு இருப்பது முன்னரே அறியப்பட்டிருந்த பழைய குளிரூட்டி மீண்டும் இயக்கப்பட்டமையும், அமோனியா உப்பு நீருக்குள் புகுந்தமையும் விசாரணையில் தெரியவந்தன. எமது ஐஸ் தொழிற்சாலைகளிலும் அமோனியாக் குழாய் உப்பு நீரினுள்ளேயே இருக்கின்றது என்பதை இங்கு கவனத்திற் கொள்ள வேண்டும். தமிழகத்தின் தூத்துக்குடியில் 2024 ஜூலை மாதத்தில் மீன் பதனிடும் நிலையம் ஒன்றில் ஏற்பட்ட அமோனியாக் கசிவினால் இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். எமது நாட்டிலேயே 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியிலுள்ள றப்பர்த் தொழிற்சாலை ஒன்றில் அமோனியா கலந்த தொட்டியினுள் வீழ்ந்த தொழிலாளியைக் காப்பாற்ற முற்பட்டவர்களும் உட்பட ஐவர் உயிரிழந்தனர். அது குளிரூட்டும் தொழிலன்று என்பது உண்மையே. எனினும் தகுந்த சுவாசக் கருவியின்றி உதவிக்கு ஓடுபவரும் பலியாகிவிடுவர் என்ற பாடம் அனைவருக்கும் பொதுவானது.

வாவிக் கரையின் தனித்தன்மை

அமோனியாவின் காரமான மணத்தைக் காற்றில் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு அளவில் இருக்கும்போதே பெரும்பாலானோர் உணர்ந்துவிடுவர். 25 பங்கு என்பது தொழிலிடத்தில் நாள் முழுவதும் இருப்பவருக்குரிய எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. 300 பங்கு என்பது உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்தை விளைவிக்கும் அளவு. மணமே எச்சரிக்கை மணியாக அமைவது ஒரு வகையில் இறைவன் தந்த வசதியாகும். ஆனால் தினமும் அதனையே சுவாசிப்பவரின் மூக்கு பழகி மரத்துப்போகும். ஆகவே மணத்தை மட்டும் நம்பாமல் கசிவு அறியும் கருவிகளைப் பொருத்த வேண்டும்.

அமோனியா காற்றைவிட இலேசானது. மேலே எழுந்து போய்விடும் என்று சிலர் கூறுவதுண்டு. அது பாதி உண்மையே. திரவமாகப் பீறிட்டு வெளியேறும் அமோனியா எமது ஈரப்பதன் மிக்க காற்றுடன் கலந்து குளிர்ந்த வெண்புகாராகி நிலத்தோடு தவழ்ந்து செல்லும். கல்லடியிலிருந்து நாவலடி முகத்துவாரம் வரையிலும், தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி ஊடாகக் களுவாஞ்சிகுடி வரையிலும் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாகவே எமது ஊர்கள் அமைந்துள்ளன. மக்கள் நெருக்கம் மிகுந்த இந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் விலகிச் செல்வதற்கு வழிகள் குறைவு. பகலில் கடலிலிருந்து தரைக்கும் இரவில் தரையிலிருந்து கடலுக்கும் காற்று வீசும். வாடைக் காலத்தின் காற்று வேறு, கச்சான் காற்று வேறு. எந்தக் காற்றில் எந்தப் பக்கம் செல்வது என்பதை மக்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டாமா?

வாவியையும் நாம் மறந்துவிடலாகாது. அமோனியா ஆவியை அடக்குவதற்கு நுண்துளியாக நீர் தெளிப்பது பயன்தரும் வழியாகும். தேங்கி நிற்கும் திரவத்தின் மீது நேரடியாக நீரை ஊற்றுவதோ கொதிப்பை மேலும் கூட்டும். தெளித்த நீர் அமோனியாவைக் கரைத்துக் கொண்டு வடிகானில் இறங்கி வாவியைச் சென்றடைந்தால் மற்றோர் அழிவு நேரும். ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவு கட்டற்ற அமோனியாவே பல மீனினங்களைக் கொல்லப் போதுமானது. மீனைக் காப்பதற்கென வந்த பொருளால் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் மடிவதற்கு இடமளிக்கக்கூடாது. தொழிற்சாலை வளவினுள்ளேயே அந்நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி இருப்பது அவசியமாகும்.

செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு அமோனியாவே வேண்டாம் என்று முடிவு செய்வது பொருத்தமாகாது. ஆர்-22 போன்ற பொருட்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பவை என்பதால் 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாகக் கைவிடப்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாக வந்த பல வாயுக்கள் புவியை வெப்பமாக்குவதால் 2016 ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தின் மூலம் அவையும் குறைக்கப்படவுள்ளன. அமோனியா ஓசோனையும் சிதைப்பதில்லை, புவியையும் வெப்பமாக்குவதில்லை. விலை மலிவு, மின்சாரச் செலவும் குறைவு. எனவே அது எம்முடன் இருக்கப் போகின்றது. எவ்வாறு இருக்க வேண்டும் என்பதே கேள்வியாகும்.

முதலாவதாக, தேவைக்கேற்ற முறையைத் தெரிவு செய்ய வேண்டும். பம்பி முறை சிறந்ததாயினும் அதற்கு அதிக அளவு அமோனியா தொகுதியினுள் நிரப்பப்பட வேண்டும். ஐஸ் மட்டும் செய்யும் சிறு தொழிற்சாலைக்கு, பாரத்தினால் இறங்கிச் சுற்றும் முறையே பெரும்பாலும் போதும். பல குளிரறைகளும் உறையறைகளும் கொண்ட பெரிய நிலையங்களுக்குப் பம்பி தேவைப்படும். அங்கும் பெண்களும் ஆண்களுமாகப் பலர் அமர்ந்து மீன் வெட்டும் மண்டபத்தினுள் அமோனியாக் குழாயைக் கொண்டுசெல்லாமல், இயந்திர அறையிலேயே அதனை நிறுத்தி, குளிர்ந்த உப்பு நீரை மட்டும் மண்டபத்துக்கு அனுப்புவது நன்று. அவ்வுப்பு நீரில் அமோனியா கலந்துள்ளதா என்று கிரமமாகச் சோதிக்கவும் வேண்டும்.

இரண்டாவதாக, பம்பி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காது மூடிய உறைப் பம்பிகளையும், தானாக நிறுத்தும் கருவிகளையும் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒன்று பழுதடைந்தால் அவசரத் திருத்தத்துக்கு இடமின்றி மற்றையதை இயக்கும் வகையில் இரு பம்பிகள் இருப்பது உத்தமம்.

மூன்றாவதாக, பயிற்சி தமிழில் கிடைக்க வேண்டும். இயந்திரத்துடன் வரும் கைந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றை வாசிக்க முடியாத தொழிலாளி முன்னையவர் காட்டிக் கொடுத்ததையே செய்கின்றார். முன்னையவரின் தவறும் அவருக்கே சொத்தாகின்றது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கின்றது. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. வால்வை மூடும் ஒழுங்கையும், மின்வெட்டின் பின் மீள இயக்கும் ஒழுங்கையும் படங்களுடன் எளிய தமிழில் எழுதி இயந்திர அறையின் சுவரில் மாட்டுவதற்கு இந்நிறுவனங்கள் கைகொடுக்கலாம்.

நான்காவதாக, சட்டம் உறங்கக்கூடாது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் கையில் இருக்கும்போது புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் திணைக்களமும் உள்ளூராட்சி மன்றங்களும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் எவ்வளவு அமோனியா இருக்கின்றது என்ற பட்டியலைத் தயாரித்து, தீயணைப்புப் பிரிவுக்கும் வைத்தியசாலைக்கும் வழங்கலாம்.

ஐந்தாவதாக, அயலவர்கள் அறிந்திருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். உடனடியாக வெளியேற வழியில்லாதோர் கதவு, சன்னல்களை மூடிக்கொண்டு ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ளலாம். கண்ணிலோ தோலிலோ பட்டால் குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எண்ணெயோ களிம்போ பூசக்கூடாது. சுவாசக் கருவியின்றி எவரும் உள்ளே நுழையக்கூடாது. தொழிற்சாலைக் கூரையில் காற்றின் திசையைக் காட்டும் துணிக்கொடி ஒன்றை ஏற்றுவதற்கு எவ்வளவு செலவாகும்? பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள் மூலம் ஒரே எச்சரிக்கையை ஒரே நேரத்தில் அறிவிப்பதற்கு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டால் அதற்குச் செலவே இல்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது எமது கரையோர மக்களுக்கு முன்னறிவித்தல் எதுவும் கிடைக்கவில்லை. நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இழந்த உயிர்களைக் கணக்கிட்டே நாம் முன்னெச்சரிக்கையின் பெறுமதியைக் கற்றுக்கொண்டோம். சுனாமி இயற்கையின் செயல். அதனைத் தடுக்க எம்மால் முடியாது. அமோனியாவோ மனிதர் நிரப்பி, மனிதர் பம்பியினால் சுற்றியோடச் செய்யும் பொருள். அதன் ஒவ்வொரு வால்வும் ஒருவருடைய கையில்தான் இருக்கின்றது.

ஆலை முதலாளி எந்தச் சமூகத்தவர், அயலிலுள்ள வீடுகள் எந்தச் சமூகத்தவருடையவை என்று பார்த்து இப்பிரச்சினை பேசப்படுமாயின் அது வீண் சந்தேகத்துக்கும் மனக்கசப்புக்கும் மட்டுமே வழிவகுக்கும். வாயு அவ்வாறு பார்த்து வீசுவதில்லை. மீன்பிடிச் சங்கங்களும் வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிருவாகங்களும் ஒன்றாக அமர்ந்து, தத்தம் பகுதியிலுள்ள ஐஸ் தொழிற்சாலை உரிமையாளர்களை அழைத்து, மேலே கூறியவற்றுள் எவை நிறைவேற்றப்பட்டுள்ளன, எவை இல்லை என்று கேட்டறிவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். இதனை அடுத்த மின்வெட்டு வரும்வரை ஒத்திவைக்கக்கூடாது என்பதே எமது வேண்டுகோளாகும்.